எட்டுக்குக் கீழ் என்றால் எட்டாக் கனியா?

சென்ற மார்ச்சில் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கரும்புத் தோட்டங்களைத் தாண்டியதும் திடீரென்று கண்ணாடி பதித்த கட்டடமாக எழுந்து நிற்குமே, அந்த மாதிரி ஒரு கல்லூரி. கருத்தரங்கக் கூடம் நிறைய மூன்றாம் ஆண்டு மாணவர்கள். எனக்கு முன்னால் பேசியவர் வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுப்பவர். மேனேஜ்மென்ட் கன்சல்டிங் என்றொரு துறை இருக்கிறது, அங்கே போகிறவர்கள் முதல் வருடமே அப்பாவின் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறார்கள் என்று ஆசை காட்டினார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா சி.ஜி.பி.ஏ. எட்டுக்குக் கீழ இருக்கறவங்க இதை நெனச்சுக்கூடப் பாக்காதீங்க. டைம் வேஸ்ட்" என்றார். மூன்றாவது வரிசையில் அதுவரை மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்தாள்.

பேசியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் ஊர் சொல்வதைத்தான் சொன்னார். பிளேஸ்மென்ட் ஆபீசர் சொல்கிறார், ஹாஸ்டல் சீனியர் சொல்கிறார், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது ஐ.டி.யில் இருக்கும் சித்தப்பா சொல்கிறார். "மார்க் எடுத்தவன் வரிசையில நிக்கறப்ப எடுக்காதவனை எதுக்குக் கூப்பிடுவான்?" கேட்டதும் தலையாட்டத் தோன்றும் கேள்விதான். அந்தத் தலையாட்டலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினோரு வருடம் கன்சல்டிங் தொழிலில் இருந்தேன். என் பட்டப்படிப்பு மதிப்பெண் அறுபத்துமூன்று சதவீதம். இதைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி வாதாடப் போவதில்லை. லாட்டரியில் ஒருவனுக்கு விழுந்தது என்பதற்காக எல்லோரையும் டிக்கெட் வாங்கச் சொல்லும் பேச்சாகிவிடும் அது. என் கதை ஒரு பக்கம் இருக்கட்டும்.

கன்சல்டிங் என்றால் என்ன? ஒரு கம்பெனிக்கு விற்பனை சரிகிறது, அல்லது புதிய ஆலையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, அல்லது இன்னொரு கம்பெனியை வாங்கலாமா என்று யோசனை. வெளியிலிருந்து நாலைந்து பேரைக் கூப்பிட்டு, சில வாரங்களோ மாதங்களோ உட்காரவைத்து, கணக்குப் போட்டுப் பதில் சொல்லச் சொல்கிறார்கள். இவ்வளவுதான். ஜேம்ஸ் மெக்கின்ஸி என்ற கணக்கியல் பேராசிரியர் 1926-இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனமும், 1963-இல் புரூஸ் ஹென்டர்சன் தொடங்கிய பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பும் (பி.சி.ஜி.), அங்கிருந்து பிரிந்து போய் பில் பெயின் 1973-இல் தொடங்கிய பெயினும் இந்தத் தொழிலின் மூன்று பெரிய வீடுகள். மாணவர்கள் இந்த மூன்றையும் சேர்த்து 'எம்.பி.பி.' என்பார்கள்.

இந்த வீடுகளைக் கட்டியவர்களின் ரெஸ்யூமேயைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஹென்டர்சன் அப்பாவின் பதிப்பகத்துக்காக வீடு வீடாக பைபிள் விற்றவர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் சேர்ந்தார். பட்டம் வாங்கத் தொண்ணூறு நாள் இருக்கும்போது படிப்பை விட்டுவிட்டு வெஸ்டிங்ஹவுஸில் வேலைக்குப் போய்விட்டார். பில் பெயின் படித்தது வரலாறு. வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை திரட்டும் வேலையில் இருந்தவரை ஹென்டர்சன் சந்தித்துப் பேசிப் பார்த்து, இந்த ஆள் தேறுவான் என்று தன் நிறுவனத்துக்கு இழுத்துக்கொண்டார். எம்.பி.ஏ. கிடையாது. இன்றைக்கு ஒரு கேம்பஸில் இவர்கள் இரண்டு பேரும் படிவம் நிரப்பினால், 'பட்டம் நிறைவு செய்யவில்லை' என்ற பெட்டியில் ஒருவரும் 'தொடர்பில்லாத துறை' என்ற பெட்டியில் மற்றவரும் விழுவார்கள். அவர்கள் பெயரைச் சொல்லித் தொடங்கிய கம்பெனி அறிமுகப் பிரசென்டேஷன் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

அது வேறு காலம் என்பீர்கள். சரி. அந்தக் காலம் எப்படி மாறியது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. மெக்கின்ஸியில் ஆரம்பத்தில் தொழில் அனுபவம் உள்ள நடுவயதுக்காரர்களைத்தான் எடுத்துவந்தார்கள். 1950-களில் அதன் தலைவராக இருந்த மார்வின் பவர் அதை மாற்றி, ஹார்வர்டிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளம் எம்.பி.ஏ.க்களை எடுக்க ஆரம்பித்தார். அனுபவம் இருந்தவரை ஓர் ஆளை எடைபோட அவர் செய்த வேலை இருந்தது. இருபத்தைந்து வயதுப் பையனை எதை வைத்து எடைபோடுவது? மதிப்பெண்ணும் கல்லூரிப் பெயரும்தான் கையில் இருந்தன. வேறு எதுவும் இல்லாததால் உள்ளே வந்த அளவுகோல் அது. வந்தது அப்படியே தங்கிவிட்டது.

தங்குவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஆளெடுக்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓர் இடத்துக்கு ஆயிரம் ரெஸ்யூமே வந்து கிடக்கின்றன என்று வையுங்கள். பிரித்துப் பார்க்க இரண்டு பேர், ஒரு மதியப் பொழுது. எக்செல்லில் ஒரு காலத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது. கோட்டுக்குக் கீழே போனவர்களில் நல்லவர் யாரும் இருந்தாரா என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்கமாட்டார்கள். எடுத்த ஆள் சொதப்பினால் மட்டும் கேள்வி வரும். அப்போது "சார், நைன் பாயின்ட் டூ வச்சிருந்தான்" என்று கையை விரிக்கலாம். கட்-ஆஃப் என்பது ஆளெடுப்பவனின் காப்பீடு. அடுத்த காரணம் வாடிக்கையாளர். பெரிய தொகைக்கு அவருக்கு விற்கப்படுவது ஓர் அனுபவமில்லாத இளைஞனின் நேரம் என்பது அவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். அந்தக் குறையை மறைக்க ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம்., தங்கப் பதக்கம். பட்டுப்புடவைக் கடையில் புடவையோடு ஒரு பெட்டியும் பையும் தருவார்களே, அதுபோல. பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்து ஜரிகையின் தரம் சொல்கிறவர்கள்தான் என் பிரச்சினை.

சல்லடையைத் தராசு என்று நம்புவதுதான் இங்கே நடக்கும் தப்பு. சல்லடை வேகமாக வேலையை முடிக்கும். எடை சொல்லாது.

எடை சொல்லாது என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. கல்லூரி மதிப்பெண்ணுக்கும் பின்னாளைய வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி, பிலிப் ராத்தும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொடர்பு இருக்கிறது, இல்லாமலில்லை; பட்டம் வாங்கி ஆண்டுகள் ஏற ஏற அது இளைத்துக்கொண்டே போகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. 2015-இல் பிரிட்டனில் இ.ஒய். நிறுவனம், பட்டப்படிப்பில் இன்ன வகுப்பு வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தூக்கிவிட்டது. பல்கலைக்கழக வெற்றி பின்னாளைய தொழில்முறைத் தேர்வுகளின் வெற்றியைக் காட்டுகிறது என்பதற்குத் தங்களிடம் சான்றில்லை என்று தங்கள் ஆட்களையே ஆராய்ந்துவிட்டுச் சொன்னார்கள். 2022-இல் பி.டபிள்யூ.சி.யும் பிரிட்டனில் அதே வழிக்கு வந்தது. இது பிரிட்டன், எம்.பி.பி. நிறுவனங்கள் இப்படி எதையும் அறிவிக்கவில்லை. இருந்தாலும் வாடிக்கையாளரிடம் ஆலோசனை விற்றுப் பிழைக்கும் இரண்டு பெரிய கடைகள் தங்கள் சல்லடையைத் தாங்களே மாற்றிய பிறகு, நம்மூர் சித்தப்பா மட்டும் அதைப் பிடித்துத் தொங்குவதில் அர்த்தமில்லை.

நம்மூருக்கு வருவோம். இங்கே எட்டு என்பதே ஓர் எண்ணா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படிப்பவனுக்குக் கேள்வித்தாள் வெளியிலிருந்து வருகிறது, விடைத்தாள் வெளியே போகிறது. தன்னாட்சிக் கல்லூரியில் பாடம் நடத்தியவரே கேள்வியும் கேட்கலாம், திருத்தவும் செய்யலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எல்லாமே அவர்கள் கையில். அண்ணா பல்கலைக்கழகத்துக்குள்ளேயே 2017 ரெகுலேஷனில் இன்டர்னலுக்கு இருபது மதிப்பெண். 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு அது நாற்பது. ஒரே மூளை, ஒரே உழைப்பு, வேறு வேறு வாசல் வழியாகப் போனால் ஓரிடத்தில் 6.9, இன்னோரிடத்தில் 8.4 என்று வெளியே வரும். படிக்கணக்கும் கிலோக்கணக்கும் கலந்து ஒரே பட்டியலில் எழுதி, எட்டுக்கு மேல் இருந்தால் நல்ல அரிசி என்று சொல்வதைப் போன்றது இது.

இதையெல்லாம்விடப் பெரிய பொய் ஒன்று அந்தக் கூடத்தில் சொல்லாமல் சொல்லப்பட்டது. எட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கதவு மூடியிருக்கிறது என்றால், எட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குத் திறந்திருக்கிறது என்றுதானே பொருள்? முன்வரிசையில் ஒன்பது புள்ளிக்காரர்கள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்கத்தான் எனக்கு அதிகமாக வலித்தது. தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. மெக்கின்ஸியும் பி.சி.ஜி.யும் ஆளெடுக்கப் போவது ஐ.ஐ.டி.களுக்கு, ஐ.ஐ.எம்.களுக்கு, ஐதராபாத் ஐ.எஸ்.பி.க்கு, டெல்லியின் ஒன்றிரண்டு பெயர்பெற்ற கல்லூரிகளுக்கு. கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் கல்லூரிக்கு அவர்கள் வருவதில்லை. அங்கே 9.6 வாங்கியவளும் 6.6 வாங்கியவளும் அந்தக் கதவிலிருந்து ஒரே தூரத்தில்தான் நிற்கிறார்கள். அமெரிக்க நிறுவனங்களில் ஆளெடுப்பவர்களை நேர்கண்டு லாரன் ரிவேரா 2015-இல் 'பெடிக்ரீ' என்ற நூல் எழுதினார். கல்லூரியின் பெயர், படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், எங்களோடு ஒத்துப்போவாயா: இவைதாம் அங்கே பெரிய எடைக்கற்கள் என்று பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். 'சி.ஜி.பி.ஏ.யை ஏற்று, எல்லாம் சரியாகும்' என்று மாணவர்களிடம் சொல்கிறவர், பஸ் வராத நிறுத்தத்தில் சரியான சில்லறை வைத்துக்கொண்டு நிற்கச் சொல்கிறார்.

பஸ் என்றதும் அன்று மதியம் நடந்தது நினைவுக்கு வருகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பேருக்கு மாதிரி நேர்காணல் ஏற்பாடாகியிருந்தது. கன்சல்டிங் நேர்காணலில் 'கேஸ்' என்று ஒன்று கொடுப்பார்கள். ஒரு தொழில் சிக்கலைச் சொல்லி, அரை மணி நேரத்தில் சத்தமாக யோசித்துக் காட்டச் சொல்வது. அமெரிக்கப் புத்தகங்களில் காபிக்கடையும் விமானக் கம்பெனியும் வரும். நான் ஊருக்கேற்ற மாதிரி ஒன்று வைத்திருந்தேன்: ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பஸ் முதலாளி, ஐந்து வண்டி, இரண்டு வருடத்தில் மூன்று வண்டியின் கலெக்‌ஷன் மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. ஏன்? என்ன செய்யலாம்?

முதலில் வந்த பையனுக்கு 9.1. நல்ல பையன். "லாபம் என்பது வருவாய் கழித்தல் செலவு சார்" என்று ஆரம்பித்தான். சரி. வருவாயை டிக்கெட் எண்ணிக்கை, டிக்கெட் விலை என்று பிரித்தான். அதுவும் சரி. பிறகு நான் கேட்காத செலவுப் பக்கம் போய் டீசல், டயர், சம்பளம் என்று ஏழு நிமிடம் பேசினான். கடைசியில் பயணிகளுக்கு ஒரு செயலியும், அடிக்கடி வருகிறவர்களுக்குச் சலுகை அட்டையும் கொண்டுவரலாம் என்றான். எங்கோ படித்த சட்டகத்தை மேலே இருந்து போர்த்தினான். அதற்கு அடியில் பஸ் இருந்ததா என்று பார்க்கவில்லை. அடுத்து வந்தவர்களும் ஏறத்தாழ அப்படித்தான்.

பட்டியலில் இருந்தவர்களில் ஒருவர் வரவில்லை. "வேற யாராவது வர்றீங்களா?" என்று பிளேஸ்மென்ட் ஆபீசர் கதவுக்கு வெளியே கேட்டார். வந்து உட்கார்ந்தவள், காலையில் பேனாவை மூடிய அந்தப் பெண். ரெஸ்யூமே கைவசம் இல்லை. சி.ஜி.பி.ஏ. 6.6, மூன்றாவது செமஸ்டரில் இரண்டு அரியர், இரண்டும் கிளியர் பண்ணியாகிவிட்டது. கேஸைச் சொன்னேன்.

அவள் பேப்பரில் எதுவும் எழுதவில்லை. "சார், மத்த ரெண்டு வண்டி எங்க ஓடுது?" என்றாள்.

"அது மொஃபசல். வெளியூர் ரூட். அதுல ஒண்ணும் குறையலை."

"குறைஞ்ச மூணும் டவுன் பஸ்ஸா? அதே ரூட்ல கவர்மென்ட் வண்டி ஓடுதா?"

"ரெண்டு கேள்விக்கும் ஆமா."

"எந்த டிரிப்ல சார் குறைஞ்சிருக்கு? காலைல பீக் அவர்லயா, பகல்லயா?"

"பகல்ல அதிகம்."

ஒரு கணம் யோசித்தாள். "அப்ப பொம்பளைங்க கூட்டம் மாறிடுச்சு சார். 2021 மே மாசத்துல இருந்து கவர்மென்ட் டவுன் பஸ்ல அவங்களுக்கு டிக்கெட் கிடையாதே. நூறு பேர் ஏறுறாங்கன்னா நாப்பத்தஞ்சு பேர் பொம்பளைங்கன்னு வைங்க. அதுல பத்துக்கு ஏழு பேர் ஓசி வண்டிக்குப் போனா முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு பேர் காலி. நீங்க சொன்ன மூணுல ஒண்ணு கிட்டத்தட்ட வந்துருது. வேற காரணம் தேட வேண்டியதில்ல."

நான் விடவில்லை. அப்படியானால் டிக்கெட் விலையைக் குறைக்கலாமே என்று கேட்டேன். "ஃப்ரீயோட போட்டி போட்டு எவ்வளவு சார் குறைப்பீங்க? அதுவும் இல்லாம ஸ்டேஜுக்கு இவ்வளவுன்னு கவர்மென்ட் போடுற ரேட்டு அது. டைமிங்கும் பர்மிட்ல இருக்கும், இஷ்டத்துக்கு மாத்த முடியாது." அப்புறம் அவளாகவே தொடர்ந்தாள். அரசு வண்டி எப்போதாவது வரும் பக்கமாக ரூட்டை நீட்ட முடியுமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனுப் போட வேண்டும். அதுவரைக்கும் பகல் டிரிப் ஒவ்வொன்றிலும் டீசல் காசாவது தேறுகிறதா என்று தனித்தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். எதுவும் தேறாவிட்டால் மூன்றில் ஒரு வண்டியைப் பர்மிட்டோடு விற்றுவிடுவது மேல். "விக்கறதுக்கு ஓனர் ஒத்துக்க மாட்டாரு சார். அவங்க அப்பா காலத்து ரூட்டா இருக்கும். அதையும் சேத்துத்தான் யோசிக்கணும்" என்று முடித்தாள்.

உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்டேன். "அப்பா பிரைவேட் பஸ்ல கண்டக்டர். ராத்திரி வந்து பேட்டா போக என்ன நின்னுதுன்னு எங்க முன்னாடிதான் எண்ணுவாரு." அரியர் ஏன் என்றேன். கண்ணைத் தாழ்த்தாமல், "அந்த செமஸ்டர் படிக்கலை சார்" என்றாள். காய்ச்சல் இல்லை, குடும்பக் கஷ்டம் இல்லை, சாக்கு இல்லை. நான் நேர்காணல்களில் கேட்ட பதில்களில் அதைவிடச் சுத்தமானது குறைவு.

அவளுக்குச் சட்டகங்கள் தெரியாது. அதை மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எண் எங்கே சுடுகிறது என்று தொட்டுப் பார்க்கும் விரலைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. இந்தத் தொழில் காசு கொடுத்து வாங்க நினைப்பது அந்த விரலைத்தான். எந்த செமஸ்டரிலும் அதற்கு ஒரு பேப்பர் கிடையாது. மெக்கின்ஸியின் 'சால்வ்' என்ற கணினி விளையாட்டுத் தேர்வில், உயிரினங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றை ஒன்று தின்று எல்லாம் அழிந்துபோகாமல் ஒரு சூழலைக் கட்டும் விளையாட்டு இருந்தது. அங்கேயும் அவர்கள் தேடியது இதே விரலைத்தான்.

இப்போது எதிர்க்கட்சிக்கு அவர்கள் பங்கைக் கொடுத்துவிடுகிறேன். மதிப்பெண் ஒழுங்கைக் காட்டுகிறது என்பார்கள். கொஞ்சம் காட்டுகிறதுதான். நாலு வருடம் பிடிக்காத பாடத்தையும் உட்கார்ந்து படித்தவனிடம் ஒரு பிடிவாதம் இருக்கிறது. நள்ளிரவில் எண்பதாவது ஸ்லைடைத் திருத்தும்போது அது உதவும். எனவே 6.6 வைத்திருப்பவர், அந்தப் பிடிவாதம் தன்னிடம் வேறு எங்கே இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். கடைசி நாலு செமஸ்டரில் ஏறியிருக்கலாம். ஒரு ஸ்டார்ட்-அப்பில் சரக்கு எண்ணியிருக்கலாம். மாமாவின் பனியன் யூனிட்டில் வீணாகும் துணியைக் கணக்கெடுத்துக் குறைத்திருக்கலாம். எதுவுமே இல்லை, மார்க்கும் இல்லை என்றால் அவருக்காக நான் வாதாடவில்லை. குறைந்த மதிப்பெண் ஒரு தகுதி இல்லை. அதைப் பதக்கமாகக் குத்திக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டாலும் எனக்கு ஆகாது.

இன்னொரு கூட்டமும் உண்டு: 'மார்க் ஒண்ணுமே இல்லை, நெட்வொர்க்கிங்தான் எல்லாம்' என்று சொல்லி ஆறு வாரப் பயிற்சிக்குப் பணம் வாங்குபவர்கள். இவர்கள் முதல் கூட்டத்தின் மறுபக்கம். ஒருவர் கதவே இல்லை என்கிறார், மற்றவர் சாவி விற்கிறார்.

கதவுகள் இருக்கின்றன. கேம்பஸ் கதவைவிடப் பின்னால், பக்கவாட்டில், சற்றுத் தாமதமாகத் திறப்பவை. டெலாய்ட், இ.ஒய்., கே.பி.எம்.ஜி., பி.டபிள்யூ.சி. நான்கிலும் ஆலோசனைப் பிரிவுகள் இருக்கின்றன. இவற்றிலும் இவை போன்ற இடங்களிலும் கேட்கும் மதிப்பெண் பல வேலைகளுக்கு அறுபது சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. மெக்கின்ஸி, பி.சி.ஜி. போன்றவற்றுக்கு வாடிக்கையாளர் முன் போகும் குழுக்களைத் தவிர, பின்னாலிருந்து ஆராய்ச்சியும் தரவும் செய்துகொடுக்கும் குழுக்களும் உண்டு. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் இளைஞர்கள் துறைகளோடு உட்கார்ந்து செய்வது ஏறத்தாழ இதே வேலைதான். தொழிற்படிப்பில் முதல் வகுப்பு இருந்தால் தேர்வு எழுதலாம், எட்டு கேட்கவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கதவு, ஒரு தொழிலை உள்ளிருந்து கற்றுக்கொண்டு போவது. ஓரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மூன்று வருடம் லைனில் நின்றவன், வாகனக் கம்பெனிக்கு ஆலோசனை சொல்லும் குழுவுக்கு, எம்.பி.ஏ. மட்டும் முடித்த இரண்டு பேருக்குச் சமம். மேலாண்மைப் பேராசிரியர் சி.கே. பிரகலாத் கோயம்புத்தூரில் பிறந்தவர். லயோலாவில் இயற்பியல் படித்துவிட்டுப் பத்தொன்பது வயதில் யூனியன் கார்பைடு பேட்டரி ஆலைக்குப் போனார். நான்கு வருடம் அங்கே இருந்த பிறகுதான் ஐ.ஐ.எம். அகமதாபாத், அதன்பின் ஹார்வர்டு. 1990-இல் கேரி ஹாமலோடு சேர்ந்து அவர் எழுதிய 'கோர் காம்பிடன்ஸ்' கட்டுரையை இன்றும் கன்சல்டன்ட்கள் ஜெபிக்கிறார்கள். அவர் மதிப்பெண்ணில் பின்தங்கியவர் என்று நான் சொல்லவரவில்லை. ஆலையில் கழிந்த நாலு வருடம் வீண்போகவில்லை என்று சொல்கிறேன்.

எம்.பி.ஏ. வழி பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐ.ஐ.எம்.களில் நிறுவனங்கள் ஷார்ட்லிஸ்ட் போடும்போது பத்தாம் வகுப்பு மார்க்கைக்கூடத் தோண்டி எடுக்கிறார்கள். 'நைன் நைன் நைன்' என்று ஹாஸ்டல் பாஷையே இருக்கிறது. அங்கே 6.6 உறுத்தும். அந்த உறுத்தலைச் சமாளிக்க நடுவில் சில வருட வேலை வேண்டும், நல்ல தேர்வு மதிப்பெண் வேண்டும், தெரிந்த ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தையும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் சிபாரிசு என்று கேவலமாக நினைக்க வேண்டாம். ரஜத் குப்தா ஐ.ஐ.டி. டெல்லியும் ஹார்வர்டும் படித்தவர். 1973-இல் மெக்கின்ஸி அவரை முதலில் வேண்டாம் என்றது. வேலை அனுபவம் போதாதாம். அவருடைய பேராசிரியர் வால்டர் சால்மன், மெக்கின்ஸியில் இருந்த ரான் டேனியலுக்குக் கடிதம் எழுதிய பிறகு கதவு திறந்தது. 1994-இல் அவரே அந்த நிறுவனத்தின் தலைவரானார். பிற்காலத்தில் பங்குச்சந்தை ரகசியத்தைக் கசியவிட்டதாக 2012-இல் தண்டனை பெற்றார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மதிப்பெண் ஒருவரை உள்ளே விடப் போதவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லவும் போதவில்லை. சல்லடையின் இரண்டு பிழையும் ஒரே வாழ்க்கையில்.

ரெஸ்யூமேயில் சி.ஜி.பி.ஏ.யைத் திருத்தி எழுதலாமா என்று காதோரம் கேட்பவர்களும் உண்டு. கூடாது. சேர்ந்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு வரும், அன்றே வேலை போகும். கேட்டால் அந்தப் பெண் சொன்ன மாதிரி ஒரு வரியில் உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். கேஸ் பயிற்சியைத் தனியாகப் புத்தகம் வைத்துச் செய்யாதீர்கள், எதிரே ஓர் ஆளை உட்காரவைத்து வாய்விட்டுச் செய்யுங்கள். தெருமுனை டீக்கடையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு, மாஸ்டரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு எந்த கேஸ் புத்தகத்துக்கும் தெரியாது.

அன்று மாலை கிளம்பும்போது பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் கேட்டேன், பத்துப் பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று. "எட்டுக்கு மேல இருக்கறவங்க லிஸ்ட்டை மட்டும் எடுத்தோம் சார். உங்க டைம் வேஸ்ட் ஆகக் கூடாதுல்ல" என்றார். நான் எந்தக் கட்-ஆஃபும் கேட்டிருக்கவில்லை. கல்லூரிக்கு எழுதிய மின்னஞ்சலில் 'ஆர்வமுள்ள பத்துப் பேர்' என்றுதான் இருந்தது. அவர் நல்ல மனிதர், விருந்தாளிக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார். இதேபோல நல்லெண்ணத்தோடு, கம்பெனி ஆறு என்று கேட்டால் ஏழாகவும், ஏழு என்று கேட்டால் எட்டாகவும் ஏற்றி அனுப்பும் கல்லூரிகளை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். கம்பெனியின் சல்லடைக்கு முன்னாலேயே நாம் ஒரு சல்லடை வைத்துக்கொள்கிறோம், அதன் கண்ணை இன்னும் பொடியாக்கி.

பிளேஸ்மென்ட் ஆபீசர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு நிறுவனம் பட்டியல் கேட்டால், அவர்கள் எழுதிய நிபந்தனையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அதில் இல்லாத எண்ணை நீங்கள் சேர்க்காதீர்கள். நிபந்தனையே இல்லையென்றால் பட்டியலை முழுசாக அனுப்புங்கள். எங்கள் நேரம் வீணானால் ஆகட்டும், அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.